பாறைகளிலும் படிவுகளிலும் எஞ்சியிருக்கும் காந்தத்தை அளப்பது எப்படி

மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் தெரியும் பசால்ட் பாறைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு லாவாவாகப் பாய்ந்து குளிர்ந்தவை. குளிரும்போது அன்றைய புவிக் காந்தப்புலத்தின் திசையை அவை தமக்குள் பதிந்துகொண்டன. அந்தப் பதிவு இன்றும் அவற்றில் இருக்கிறது. ஏரிச் சேறும் ஆழ்கடல் களிமண்ணும்கூட, வேறொரு வழியில், அவ்வாறே புலத்தைப் பதிவு செய்கின்றன. வெளிப்புலம் எதுவும் இல்லாதபோதும் பாறையில் நிலைத்திருக்கும் இந்தக் காந்தத்தை இயற்கையான எஞ்சிய காந்தம் என்கிறோம். பாறையைத் திசை குறித்து எடுத்து வருவது, அளப்பது, பின்னால் ஒட்டிய காந்தத்தை நீக்குவது, எஞ்சியதிலிருந்து பழைய அட்சரேகையைக் கணக்கிடுவது ஆகியவற்றைத் தக்காணப் பசால்ட்டை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. புவியியல் முதுகலை மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், ஒரு காம்பஸும் பொறுமையும் உள்ள எவரும் முதல் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். காந்தமானியில் மாதிரியை வைத்தவுடன் கிடைக்கும் திசை, பெரும்பாலும், வெவ்வேறு காலங்களில் பாறையில் சேர்ந்த காந்தங்களின் கூட்டுத்தொகையாகவே இருக்கும். எனவே இத்துறையின் உழைப்பில் பெரும்பகுதி அளப்பதில் செலவாவதில்லை. அளந்ததில் எது பாறை பிறந்தபோது பதிந்தது, எது பின்னால் வந்தது என்று பிரித்தறிவதில் செலவாகிறது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்தப் பிரிப்புக்கு உதவுவதற்காகவே இருக்கிறது.

காந்தம் எங்கே தங்கியிருக்கிறது

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் பாறையின் பெரும்பகுதியாக இருந்தாலும் எஞ்சிய காந்தத்தைத் தாங்குவதில்லை. எடையில் சில சதவீதமோ அதைவிடக் குறைவாகவோ கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடுகளும் இரும்பு சல்ஃபைடுகளுமே அதைத் தாங்குகின்றன. ஒவ்வொரு கனிமத்துக்கும் காந்த ஒழுங்கை இழக்கும் வெப்பநிலை ஒன்று உண்டு: மேக்னடைட்டுக்கு 580 டிகிரி செல்சியஸ், ஹேமடைட்டுக்கு ஏறத்தாழ 675 முதல் 680 டிகிரி, பைரோடைட்டுக்கு 320 டிகிரி, கோதைட்டுக்கு ஏறத்தாழ 120 டிகிரி. பசால்ட்டில் இருப்பது பெரும்பாலும் டைட்டானியம் கலந்த மேக்னடைட். டைட்டானியத்தின் பங்கு கூடக்கூட இந்த வெப்பநிலை இறங்கும். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்வது பயனுள்ளது, ஏனெனில் ஆய்வகத்தில் மாதிரியைச் சூடாக்கும்போது காந்தம் எந்த வெப்பநிலையில் மறைகிறது என்பதே அதைத் தாங்கிய கனிமம் எது என்று சொல்லிவிடும்.

லாவா உருகிய நிலையில் இருக்கும்போதே காந்தத் துகள்கள் அதில் மிதந்து வடக்கு நோக்கித் திரும்பிக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. பசால்ட் லாவா 1,100 டிகிரிக்கு மேல் வெளிவந்து, ஏறத்தாழ 1,000 டிகிரியை அடையும்போது முழுவதும் இறுகிவிடுகிறது. அந்த நிலையில் மேக்னடைட்டுக்குக் காந்த ஒழுங்கே கிடையாது. திடமான பாறை மேலும் குளிர்ந்து 580 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதுதான், துகள் அசையாமல் இருக்க, அதன் உள்ளே உள்ள காந்தத் திசை மட்டும் புலத்தின் பக்கம் சாய்ந்து, பிறகு உறைகிறது. இதை வெப்ப எஞ்சிய காந்தம் என்பார்கள்.

துகள்கள் உண்மையாகவே திரும்புவது படிவுகளில். நீரில் மெல்ல இறங்கும் நுண்ணிய மேக்னடைட் துகள் புலத்தோடு ஒருவாறு இணைந்து படிகிறது. மேலே சேறு சேர்ந்து நீர் பிழியப்பட்ட பிறகே அது அசையாமல் பூட்டப்படுகிறது. ஆகவே ஒரு படிவின் காந்தம், அந்தப் படிவு அடுக்கைவிடச் சற்றே இளையதாக இருக்கும். இவை தவிர, பாறைக்குள் புதிய கனிமம் வளரும்போது உண்டாகும் வேதிக் காந்தம் ஒன்று. நெடுங்காலம் இன்றைய புலத்தில் கிடந்ததால் ஊறிப்போன ஊறல் காந்தம் ஒன்று. மின்னல் தாக்கியதால் நொடிப்பொழுதில் ஏறிய காந்தம் மற்றொன்று. நமக்கு வேண்டிய பதிவின் மேல் இந்த மூன்றும் எந்த அளவிலும் படிந்திருக்கலாம்.

துகளின் அளவும் முக்கியம். மேக்னடைட்டில் ஏறத்தாழ 30 முதல் 100 நானோமீட்டர் வரையான துகள்கள்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குத் திசையைக் காத்து வைப்பவை. அதைவிடச் சிறியவை அறை வெப்பநிலையிலேயே பதிவை இழந்துவிடும். பல மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய துகள்களுக்குள் பல காந்தப் பகுதிகள் இருப்பதால் அவற்றின் காந்தம் எளிதில் குலையும். விரைவில் குளிர்ந்த நுண்மணிப் பசால்ட், மெல்லக் குளிர்ந்த பருமணிப் பாறையைவிடப் பொதுவாக நம்பத்தக்க பதிவைத் தருவதற்குக் காரணம் இதுவே.

கையில் ஒரு காம்பஸ் இருந்தால்

வெளிப்புலத்தில் இருக்கும்வரை மட்டும் தோன்றும் தூண்டப்பட்ட காந்தத்தையும் எஞ்சிய காந்தத்தையும் வேறுபடுத்த ஓர் எளிய சோதனை உண்டு. இரும்பு எதுவும் அருகில் இல்லாத மர மேசையில் காம்பஸை வைத்து, ஊசி நிலைகொண்ட பிறகு, பசால்ட் துண்டைக் கிழக்குப் பக்கத்திலிருந்து காம்பஸின் விளிம்பு வரை கொண்டுவர வேண்டும். ஊசி விலகும் பக்கத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு, கல்லை அதே இடத்தில் 180 டிகிரி திருப்ப வேண்டும். ஊசி இப்போது எதிர்ப்பக்கம் விலகினால் காந்தம் கல்லோடு சேர்ந்து திரும்புகிறது என்று பொருள். அது எஞ்சிய காந்தம். எப்படித் திருப்பினாலும் ஊசி ஒரே பக்கம் சாய்ந்தால் அது தூண்டப்பட்ட காந்தம்.

பெரிய விலகலை எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான பசால்ட்டின் எஞ்சிய காந்தம் மீட்டருக்குச் சில ஆம்பியர் அளவுதான். அப்படிப்பட்ட கல்லின் மேற்பரப்பை ஒட்டிய புலம் சில மைக்ரோடெஸ்லாவாக இருக்கும். தென்னிந்தியாவில் புவிக் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா என்பதால் ஊசி சில டிகிரி மட்டுமே நகரும். கையளவுக் கல் ஒன்று ஊசியை முப்பது, நாற்பது டிகிரி இழுக்குமானால் மகிழ்ச்சி அடைவதற்குப் பதிலாகச் சந்தேகப்பட வேண்டும்: அந்தக் கல்லை மின்னல் தாக்கியிருக்க வாய்ப்புண்டு. செல்பேசியில் உள்ள காந்த உணரியையும் இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் இரைச்சலே அரை மைக்ரோடெஸ்லா அளவுக்கு இருக்கக்கூடும்.

ஒரு கண்டிப்பான விதி: பிறகு அளக்கவிருக்கும் கல்லின் அருகே நிலைக்காந்தத்தைக் கொண்டுசெல்லவே கூடாது. ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஆர்வத்தில் ஒரு முறை தொட்டாலே புவிப்புலத்தைவிடப் பல நூறு மடங்கு வலிய புலம் பழைய பதிவின் மேல் எழுதிவிடும். விண்கல் சேகரிப்போர் காந்தத்தை வைத்துச் சோதித்ததால் தம் காந்தப் பதிவை இழந்துவிட்ட விண்கற்கள் ஏராளம்.

எங்கே எடுப்பது

தொல்காந்தவியலில் ‘தளம்’ என்பது ஒரே நேரத்தில் காந்தம் பெற்ற பாறைப் பகுதி. பசால்ட்டில் அது ஒரு தனி லாவா ஓட்டம். ஒரு தளத்திலிருந்து, சில மீட்டர்கள் பரவலாக, ஆறு முதல் எட்டு உருளைகளேனும் எடுக்க வேண்டும். ஒரே பாளத்திலிருந்து எட்டையும் எடுத்தால், அந்தப் பாளம் நழுவியிருந்தாலும் எட்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தி நம்மை ஏமாற்றும்.

தளங்களின் எண்ணிக்கைக்கு வேறொரு காரணம் உண்டு. புவிக் காந்தப்புலத்தின் திசை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அலைகிறது. பல்லாயிரம் ஆண்டுகளின் சராசரியை எடுத்தால் மட்டுமே காந்த முனை புவியின் சுழல் முனையோடு ஒத்துப்போகிறது என்று கொள்ளலாம். ஒரு லாவா ஓட்டம் ஒரு கணத்தின் திசையைத்தான் வைத்திருக்கிறது. எனவே பல பத்து ஓட்டங்கள் தேவைப்படுகின்றன. தக்காணத்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அடுத்தடுத்த ஓட்டங்கள் மிக விரைவாக வெளிவந்த இடங்களில் அவை எல்லாமே ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டும். அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் சராசரி பொய்யாக உறுதிப்படும். ஒரே திசைத் தொகுதி என்று சேர்த்து ஒன்றாகவே எண்ண வேண்டும்.

மலையுச்சிகளையும் தனித்து நிற்கும் முகடுகளையும் தவிர்க்கவும். மின்னல் விழும் இடங்கள் அவை. பாறைமுகத்தின் மேல் காம்பஸை மெல்ல நகர்த்திப் பார்த்து, ஊசி ஓரிரு மீட்டருக்குள் தாறுமாறாகச் சுழலும் இடத்தை விட்டுவிட வேண்டும். சாலைக்காக வெட்டிய சரிவுகள், ஓடைப் படுகைகள், குவாரிகளின் புதிய முகங்கள் ஆகியவை சிறந்தவை. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பழைய நைஸ், சார்னோகைட் பாறைகளை வெட்டிக்கொண்டு மேலேறிய கரிய டோலரைட் டைக்குகள் (சுவர் போல் நிற்கும் பாறைத் தகடுகள்) பல உள்ளன. கல் வணிகத்தில் ‘பிளாக் கிரானைட்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். குவாரி ஆழத்தில் கிடைக்கும் புதிய கல், மேற்பரப்பின் சிதைவும் மின்னலும் எட்டாதது. ஆனால் வெட்டி எடுத்து அடுக்கிய பாளங்கள் எவ்வளவு புதியவையாக இருந்தாலும் நமக்கு உதவா; இருந்த இடத்தில் பொருந்தி நிற்கும் பாறையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

வனப்பகுதியிலும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் அனுமதி பெறாமல் துளையிடக் கூடாது. அனுமதி இருந்தாலும், பார்வையாளர்கள் வரும் பாறைமுகத்தில் வரிசையாகத் துளைகளை விட்டுச்செல்வது நாகரிகமாகாது. சற்று உள்ளே தள்ளிப் போனால் அதே ஓட்டம் அங்கேயும் கிடைக்கும்.

திசை குறித்தல்

இந்தப் பகுதியைத்தான் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டும், ஏனெனில் ஆய்வகத்தில் நேரும் பிழையை மீண்டும் அளந்து திருத்தலாம். பாறையை விட்டு உடைத்து எடுத்த உருளையின் திசையை மீண்டும் அறிய வழியே இல்லை.

வழக்கமான முறையில், பெட்ரோல் இன்ஜினால் இயங்கும் கைத்துளைப்பானில் வைர முனை பொருத்திய பித்தளை அல்லது எஃகுக் குழாயை மாட்டி, தொடர்ந்து நீர் பாய்ச்சிக்கொண்டே, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுகிறோம். உருளை அடியில் பாறையோடு ஒட்டியிருக்கும் நிலையிலேயே, நீளவாக்கில் பிளவுள்ள பித்தளைக் குழாயை அதன்மேல் செருகி, குழாயின் மேலுள்ள தட்டை நீர்மட்டம் பார்த்து நிலைப்படுத்தி, துளையின் திசைக்கோணத்தையும் சாய்வையும் படிக்க வேண்டும். பிறகு பித்தளைக் கம்பியால் பிளவின் வழியே உருளையின் மேல்விளிம்பில் ஒரு கோடு கீறி, அதன்பின் உருளையை உடைத்து எடுத்து, கோட்டின் மேல் அம்புக்குறிகள் இட வேண்டும்.

அம்பு பாறையின் உள்ளே நோக்குகிறதா, வெளியே நோக்குகிறதா என்ற மரபைக் களக்குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே படத்துடன் எழுதி வைக்கவும். சாய்வைக் கிடைமட்டத்திலிருந்து அளக்கிறோமா, செங்குத்திலிருந்து அளக்கிறோமா என்பதையும் எழுதவும். இருவர் இரு மரபுகளைப் பின்பற்றிய குழுவில், புவிக் காந்தப்புலம் தலைகீழானதாக ஒரு போலிச் செய்தி தோன்றுவதற்கு ஓர் அம்பு போதும். உடைக்கும் முன் ஒவ்வொரு துளையையும் படமெடுப்பது நல்லது, ஆனால் செல்பேசியின் ஒலிபெருக்கியில் காந்தம் இருப்பதால் காம்பஸைப் படிக்கும்போது அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கக் கூடாது.

பசால்ட்டின் வலிய காந்தம் காம்பஸையே திருப்பிவிடக்கூடும் என்பதால் சூரியக் காம்பஸ் வேண்டும். தட்டின் நடுவே நிற்கும் மெல்லிய குச்சியின் நிழல் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதை, நிமிடம் தவறாத நேரத்துடனும், ஜி.பி.எஸ். தரும் அட்சரேகை, தீர்க்கரேகையுடனும் குறித்தால், சூரியன் அப்போது இருந்த திசையைக் கணக்கிட்டு உண்மையான வடக்கைப் பெறலாம். வெப்பமண்டலத்தில் இதற்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. 18 டிகிரி வடக்கில் உள்ள மகாபலேஷ்வரத்தில் மே நடுவிலும் ஜூலை இறுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். நிழல் குறுகிவிடுவதோடு, சூரியனின் திசைக்கோணமும் சில நிமிடங்களுக்குள் பல டிகிரி ஓடிவிடும். ஆகவே சூரிய அளவீடுகளைக் காலையிலும் மாலையிலும் எடுத்து, நண்பகலைத் துளையிடுவதற்கு ஒதுக்குவது நல்லது. மழைக்காலத்தில் அந்த மலைகளில் சூரியனையே பார்க்க முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே வேலைக்கு ஏற்ற பருவம். மேகம் மூடிய நாளில், தொலைவில் தெளிவாகத் தெரியும் கோபுரம் அல்லது மலையுச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்து, வரைபடத்திலிருந்து அதன் உண்மையான திசையைக் கண்டு திருத்தலாம்.

துளைப்பான் இல்லாதவர்கள் பாளமாகவே எடுக்கலாம். பாறையில் சமமான முகம் ஒன்றில் கிடைக்கோட்டை வரைந்து, அதன் திசையையும் முகத்தின் சாய்வையும் கிளினோமீட்டரால் அளந்து எழுதி, பிறகு பெயர்த்தெடுப்பதே முறை. முகம் கரடுமுரடாக இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசிச் சமப்படுத்தி, அது இறுகிய பின் குறிக்கலாம். துல்லியம் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் செலவு மிகக் குறைவு. எந்த முறையானாலும் பாறை அடுக்கின் சாய்வையும் அதே தளத்தில் அளந்துவிட வேண்டும். சாய்வைத் திருத்தாமல் பழைய கிடைமட்டத்தைப் பெற முடியாது. தக்காணத்தின் பெரும்பகுதியில் ஓட்டங்கள் ஏறக்குறையக் கிடையாகவே இருந்தாலும், மும்பையை ஒட்டிய பன்வேல் வளைவுப் பகுதியில் அவை மேற்கு நோக்கி நன்றாகவே சாய்ந்திருக்கின்றன.

படிவுகளுக்கு

மென்மையான களிமண்ணில் துளைப்பான் பயன்படாது. காந்தமற்ற கத்தியால் பரப்பைச் சீவி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள பிளாஸ்டிக் பெட்டியை அழுத்திச் செருகி, அதன் முகத்தின் திசையைக் குறித்துக்கொண்டு, சுற்றியுள்ள மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். உடனே மூடி, உலராமலும் உறையாமலும் குளிரில் வைக்கவும். உலர்ந்து சுருங்கினால் துகள்கள் நகரும். சேற்றில் கிரைகைட் என்னும் இரும்பு சல்ஃபைடு இருந்தால் காற்றுப் பட்டு அது சிதையத் தொடங்கும் என்பதால் அளவீட்டையும் தள்ளிப்போடக் கூடாது.

படிவுகளில் இரண்டு குறைகள் எப்போதும் நினைவில் இருக்க வேண்டும். மேலே படியும் சுமையால் தட்டையான துகள்கள் படுத்துவிடுவதால் காந்தச் சரிவு (புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) உண்மையானதைவிடக் குறைவாகப் பதியும். அதை அப்படியே கணக்கில் இட்டால் பழைய அட்சரேகை நிலநடுக்கோட்டை நோக்கி இழுக்கப்படும். இரண்டாவது, கடலடியிலிருந்து குழாயில் எடுக்கும் மண்ணுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியுமே தவிர, வடக்கு எது என்று பெரும்பாலும் தெரியாது. உயர் அட்சரேகைகளில் சரிவு மட்டுமே காந்தப்புலத்தின் போக்கைக் காட்டிவிடும். மன்னார் வளைகுடா போன்ற 8, 9 டிகிரி அட்சரேகையில் எதிர்பார்க்கும் சரிவே ஏறத்தாழ 16 முதல் 18 டிகிரிதான் என்பதால், இன்றுள்ள நேர் திசைக்கும், காந்த முனைகள் இடம்மாறியிருந்த காலத்தின் தலைகீழ்த் திசைக்கும் உள்ள வேறுபாடு அளவீட்டுச் சிதறலில் மறைந்துபோகலாம். அங்கே குழாயின் துண்டுகளைத் திருகாமல் தொடர்ச்சியாக எடுத்து, ஒதுக்கக் கோணம் (கிடைத்தளத்தில் வடக்கிலிருந்து விலகும் கோணம்) திடீரென 180 டிகிரி மாறும் ஆழத்தைத் தேடுவதே வழி. புலம் கடைசியாகத் தலைகீழ் நிலையிலிருந்து நேர் நிலைக்கு மாறிய புரூன்–மத்துயாமா எல்லை ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் பெயரில் உள்ள பெர்னார் புரூன் பிரான்சில் ஒரு லாவாவிலும் அதன் கீழே சுட்ட களிமண்ணிலும் தலைகீழ்க் காந்தத்தைக் கண்டு 1906இல் அறிவித்தவர். மொதோனோரி மத்துயாமா 1929இல் ஜப்பானியப் பசால்ட்டுகளைக் கொண்டு அதன் காலத்தை விளக்கியவர்.

ஆய்வகத்தில்

உருளையை 22 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக அறுத்து, அறுத்த தூளை நன்றாகக் கழுவ வேண்டும், ஏனெனில் ரம்பத்தின் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்தே அளப்போம். பசால்ட்டுக்குச் சுழல் காந்தமானி போதும். மீட்டருக்கு ஆம்பியரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கக்கூடிய சுண்ணாம்புக்கல்லுக்கு மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் ஸ்குவிட் என்ற மீகடத்தி உணரியுள்ள கருவி வேண்டும். அளவீட்டு அறை மின்தூக்கி, வாகன நிறுத்துமிடம் முதலியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். மும்பைக் குலாபாவில் இயங்கிய பழைய காந்த ஆய்வகம், நகரின் டிராம்கள் மின்மயமாகவிருந்ததால் 1904இல் அலிபாக்குக்கு இடம்பெயர நேர்ந்தது.

முதல் அளவீட்டை எழுதிக்கொண்டபின் மாதிரிகளைக் காந்தப்புலம் தடுக்கப்பட்ட பெட்டியில் இரண்டு வாரம் வைத்து மீண்டும் அளந்தால், ஊறல் காந்தம் எவ்வளவு என்று முதல் மதிப்பீடு கிடைக்கும். அடுத்தது படிப்படியான நீக்கம். இது ஏன் தவிர்க்க முடியாதது என்பதை ஒரு கணக்கு காட்டும்.

தக்காணத்தின் கீழ்ப்பகுதி ஓட்டங்கள் தலைகீழ்ப் புலத்தில் குளிர்ந்தவை. அவற்றின் உண்மையான திசை ஒதுக்கம் 155 டிகிரி, சரிவு கீழ்நோக்கி 48 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இதன் மேல், அதில் பாதி வலிமையுள்ள இன்றைய புலத்தின் ஊறல், வடக்கு நோக்கி 26 டிகிரி கீழ்ச்சரிவுடன், சேர்ந்திருக்கிறது. இரண்டு திசையன்களையும் கூட்டினால் கருவி காட்டுவது ஒதுக்கம் 119 டிகிரி, சரிவு 71 டிகிரி. சரிவின் டேன்ஜென்ட் அட்சரேகையின் டேன்ஜென்ட்டைப் போல் இரு மடங்கு என்ற விதியில் இதை இட்டால் அட்சரேகை 56 டிகிரி என வரும். சரியான விடை 29 டிகிரி. நாட்டையே மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிவைத்துவிடும் பிழை இது. கருவியோ பழுதின்றி வேலை செய்திருக்கிறது.

நீக்கத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாறுதிசைப் புலத்தில் மாதிரியை வைத்து அப்புலத்தைப் பூஜ்ஜியத்துக்குக் குறைப்பது. 5, 10, 15, 20 மில்லிடெஸ்லா எனத் தொடங்கி 100 வரை ஏற வேண்டும். மின்னல் காந்தத்தை நீக்க இதுவே சிறந்தது. ஹேமடைட்டிடம் இது தோற்கும், ஏனெனில் அதன் காந்தத்தை நீக்கத் தேவைப்படும் புலம் 100 மில்லிடெஸ்லாவை எளிதாகத் தாண்டிவிடும். மற்றது வெப்ப நீக்கம்: புலமற்ற உலையில் 100 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்வித்து அளந்து, பிறகு 150, 200, 250 எனத் தொடர்ந்து, 500க்கு மேல் 10 அல்லது 20 டிகிரிப் படிகளாகச் சுருக்கி 580 வரையும், செந்நிறப் பாறையானால் 680 வரையும் செல்ல வேண்டும். இன்றைய புலத்தின் ஊறல் பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரிக்குள் போய்விடும். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் காந்த ஏற்புத்திறனை (வெளிப்புலத்தில் மாதிரி எவ்வளவு எளிதில் காந்தம் பெறுகிறது என்பதை) அளக்கவும். அது திடீரென ஏறினால் உலையில் புதிய மேக்னடைட் உருவாகிவிட்டது என்று பொருள், அதற்கு மேற்பட்ட எண்களை நம்பக் கூடாது. ஒவ்வொரு தளத்திலும் சில மாதிரிகளை ஒரு வழியிலும் மற்றவற்றை மறு வழியிலும் நீக்கி, இரண்டும் ஒரே திசையைத் தருகின்றனவா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

முடிவுகளைச் சைடர்வெல்ட் வரைபடத்தில் இட வேண்டும். ஒரே தாளில் திசையனின் முனையைக் கிடைத்தளத்திலும் செங்குத்துத் தளத்திலும் வீழ்த்திக் காட்டும் வரைபடம் இது. தொடக்கப் படிகள் ஒரு கோட்டிலும், ஒரு முறிவுக்குப் பின் மற்றவை வேறொரு நேர்கோட்டிலும் அமைந்து, அந்த இரண்டாவது கோடு மையத்தை நோக்கிச் சென்றால், அதுவே தேடும் திசை. கோடு வளைந்தால் இரண்டு காந்தங்களும் ஒரே வெப்பநிலையில் சேர்ந்து நீங்குகின்றன என்று பொருள். மையத்தைத் தவறவிட்டுப் பக்கத்தில் போனால் இன்னும் நீங்காத ஒன்று மறைந்திருக்கிறது. குறைந்தது நான்கு புள்ளிகளையாவது கொண்டு கோட்டைப் பொருத்த வேண்டும். மூன்று புள்ளிகளில் எதையும் கோடு என்று சொல்லிவிடலாம்.

பழையதுதானா என்று சோதித்தல்

நேர்கோடு கிடைத்துவிட்டதாலேயே அது பாறை பிறந்தபோதைய காந்தம் என்று ஆகிவிடாது. களத்திலிருந்து வரும் சான்றுகளே இதை உறுதிப்படுத்தும். மடிந்த அடுக்குகளின் திசைகள், சாய்வைத் திருத்திய பிறகு ஒன்றுகூடினால், காந்தம் மடிப்புக்கு முற்பட்டது. மடிப்பை விரித்ததும் அவை சிதறினால் அது பிற்பட்டது. ஒரு கூழாங்கற்பாறையில் உள்ள பசால்ட் உருளைக்கற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையைக் காட்டினால், அவை உருண்டு வந்த பிறகு அந்த வட்டாரம் மீண்டும் காந்தம் ஏறவில்லை என்று கொள்ளலாம்.

டைக்குகளுக்கு ஏற்றது சுட்ட தொடுகைச் சோதனை. டைக்கிலும், அதன் சூட்டில் வெந்த ஓரப் பாறையிலும், சூடு எட்டாத தொலைவிலுள்ள பாறையிலும் மாதிரி எடுக்க வேண்டும். முதல் இரண்டும் ஒரே திசையையும் மூன்றாவது வேறு திசையையும் தந்தால் டைக்கின் காந்தம் அது குளிர்ந்தபோதே பதிந்தது. மூன்றும் ஒரே திசையைத் தந்தால் முழு வட்டாரமும் பின்னொரு காலத்தில் சூடேறியிருக்கலாம்; அந்தத் திசைக்கு டைக்கின் வயதைச் சூட்டிவிடக் கூடாது. மூன்றாவது மாதிரியை எடுக்க மறப்பவர்கள் பலர். அது இல்லாமல் இந்தச் சோதனையே இல்லை. தக்காணத்தில் ஓட்டங்களுக்கு இடையே வரும் செம்மண் அடுக்குகளை, மேலிருந்த லாவா சுட்ட இடங்களில், இதற்குப் பயன்படுத்தலாம்.

மகாபலேஷ்வரப் பகுதியில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஆயிரம் மீட்டருக்கும் தடிமனான அந்த அடுக்கில் கீழே தலைகீழ்க் காந்தமும் மேலே நேர்க் காந்தமும் இருப்பதால், இரு தொகுதிகளின் சராசரிகளும் சரியாக எதிரெதிரே நிற்கின்றனவா என்று பார்க்கலாம். நிற்காவிட்டால் பெரும்பாலும் ஊறல் முழுவதும் நீங்கவில்லை.

அட்சரேகைக்கு மாற்றுதல்

தளச் சராசரிகளையும் சிதறலையும் ரொனால்ட் ஃபிஷர் 1953இல் வகுத்த கோளப் புள்ளியியலால் கணக்கிடுகிறோம். சராசரித் திசையின் 95 சதவீத நம்பக எல்லையைக் காட்டும் ஆல்ஃபா-95 என்ற கோணம் பத்து டிகிரிக்கு மேற்பட்ட தளத்தை முடிவில் சேர்க்காமல் விடுவதே நல்லது; அப்படி விட்டதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

நேர்க் காந்தத் தக்காண ஓட்டங்களின் சராசரி, ஒதுக்கம் 335 டிகிரி, சரிவு மேல்நோக்கி 48 டிகிரி என்ற அளவில் வரும். மேல்நோக்கிய சரிவு தென்கோளத்தைக் குறிக்கிறது. 48 டிகிரியின் டேன்ஜென்ட் 1.11, அதில் பாதி 0.555, அதற்குரிய கோணம் 29 டிகிரி. இன்று 18 டிகிரி வடக்கில் உள்ள இடம் அன்று 29 டிகிரி தெற்கில் இருந்திருக்கிறது. 47 டிகிரி இடம்பெயர்வு என்பது ஏறத்தாழ 5,200 கிலோமீட்டர், 6.6 கோடி ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர். ஒதுக்கம் 335 என்பதிலிருந்து நிலப்பகுதி இடஞ்சுழியாக 25 டிகிரி திரும்பியிருக்கிறது என்றும் அறிகிறோம். தீர்க்கரேகையைப் பற்றி இந்த முறை எதுவும் சொல்லாது.

மான்செஸ்டரில் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட், சுழலும் பொருள்கள் தாமாகவே காந்தம் பெறும் என்ற தன் கருதுகோளைத் தங்க உருளை ஒன்றைக் கொண்டு சோதிப்பதற்காக மிக நுண்ணிய காந்தமானியைக் கட்டினார். கருதுகோள் பொய்த்தது என்று 1952இல் வெளியிட்டார். வேலையற்றுப் போன அந்தக் கருவி வகையே பிறகு பாறைகளை அளக்கப் பயன்பட்டது. அவரைச் சார்ந்த குழுவினரான கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் ஆகியோர் 1956இல் தக்காணப் பசால்ட்டின் காந்தத்தைக் கொண்டு இந்தியா தென்கோளத்திலிருந்து வடக்கே நகர்ந்தது என்று வாதிட்டார்கள். கண்டப் பெயர்ச்சியைப் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்காத காலம் அது.

அறிக்கையில் தளங்களின் ஆயத்தொலைவுகள், ஒவ்வொரு தளத்திலும் எடுத்த மாதிரிகளின் எண்ணிக்கை, சாய்வைத் திருத்துவதற்கு முன்னும் பின்னுமான திசைகள், நீக்கத்தின் படிகள் ஆகிய அனைத்தையும் கொடுக்க வேண்டும். சராசரியை மட்டும் கொடுத்தால் பிறர் சரிபார்க்க இயலாது. முழுமையாக நீக்கிய மாதிரியில் பதிவு எதுவும் மிஞ்சாது என்பதால், ஒவ்வொரு உருளையிலும் ஒரு துண்டைத் தொடாமல், அம்புக்குறி அழியாத மையில் தெரியும்படி, ஒலிபெருக்கிகளும் இரும்பு அலமாரிகளும் இல்லாத இடத்தில் சேமித்து வைக்கவும்.